பேணுதலும் ஓர் அறமே

ஆக்குவோனை உலகம் போற்றுகிறது. கொடுப்போனை அதனினும் மிகுதியாகப் போற்றுகிறது. ஆபத்து நேர்ந்த இடத்தில் ஓடிச்சென்று உயிர் காப்போனுக்கு மாலை சூட்டுகிறது. ஆபத்தே நேராதவண்ணம் நாள்தோறும் காத்து நின்றவனையோ உலகம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஒன்றும் நிகழாமல் இருந்தது என்பதே அவனுடைய உழைப்பின் பயன். நிகழாத ஒன்றுக்கு விழா எடுப்பார் யார்? நிகழாத ஒன்றை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

இவ்வாறு பயன் கண்ணுக்குப் புலப்படாத வேலையை, புகழும் பாராட்டும் கிடைக்கா என்று தெரிந்திருந்தும், ஒருவன் ஏன் செய்தல் வேண்டும்? செய்யாது விட்டால் அது சோம்பல் மட்டுந்தானா, அன்றிக் குற்றமும் ஆகுமா? இக்கேள்வியை நேயர்களோடு உடனிருந்து ஆராய விரும்புகிறோம்.

அறம் பற்றி எழுதப் புகுவோர் அரசரையும் துறவியரையும் எடுத்துக்காட்டாகக் கொள்வது வழக்கம். நமக்கு அவ்விருவரும் பழக்கமில்லை. தோட்டத்துக் கிராணியாகிய நமக்குப் பழக்கமானவை காலைப் பெரட்டும், பேரேடும், அலுவலகத்தின் பின்புறக் கொட்டகையில் நிற்கும் பழைய டீசல் பிக்கப் வண்டியுமே. அறம் பற்றிய கட்டுரைக்குள் வண்டி எப்படி வந்தது என்று நேயர்கள் நகைக்க வேண்டா. பெரிய பொருள்களைச் சிறிய பொருள்களைக் கொண்டு ஆராய்வதில் ஒரு நன்மையுண்டு. சிறிய பொருளில் ஏமாற்றுவது கடினம். வண்டி ஓடும், அல்லது ஓடாது. சொற்சாலம் அதனிடம் செல்லாது.

வண்டியின் இயல்பு

நாம் குறிப்பிடும் வண்டி 1994-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ். நான்கு சிலிண்டர் உடையது. 2446 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின். உரமூட்டை ஏற்றுவதும், செம்பனைக் காட்டிற்குக் கருவிகளைக் கொண்டுசெல்வதும், லயத்து வீடுகளில் நோயுற்றோரைப் பட்டணத்து மருத்துவமனையில் சேர்ப்பதும் அதன் வேலை. அதைப் பேணும் பொறுப்பு, எழுத்து வகையில் நம்முடையது. கைவகையில் பட்டறையிலுள்ள மெக்கானிக் அண்ணனுடையது. ஆயினும் சனிக்கிழமை பிற்பகல்களில் அண்ணனுக்குத் துணையாக நாமும் அதன் அடியில் படுத்து எழுவது உண்டு.

டீசல் எஞ்சினின் தத்துவம் எளிது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசல் எஞ்சினில் பொறி இல்லை. உள்ளே இழுத்த காற்றை அது ஏறத்தாழ 22-இல் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியஸுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அத்தருணத்தில் டீசலை நுண்துளிகளாகத் தூவினால், அது தானே பற்றிக்கொள்கிறது. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறம் சுடுவதைத் தொட்டறிந்த சிறுவன் எவனும் இத்தத்துவத்தின் பாதியை முன்னரே அறிந்தவனாவான்.

இவ்வெந்திரம் கேட்பவை மூன்று: தூய காற்று, தூய எண்ணெய், தூய டீசல். அவற்றில் ஒன்று கெட்டாலும் அது உடனே நின்றுவிடுவதில்லை. முதலில் குறிப்புக் காட்டுகிறது. புகை கறுத்தால், டீசல் மிகுந்தது அல்லது காற்றுக் குறைந்தது என்று பொருள். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். புகை நீலமானால், எஞ்சினுக்குள் மசகெண்ணெயும் சேர்ந்து எரிகிறது. வெண்புகை நெடுநேரம் நீங்காது நின்றால், டீசல் எரியாமல் ஆவியாகிறது, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. குறிப்பறிவோன் அப்போதே கவனிக்கிறான். குறிப்பறியாதவன், அல்லது அறிந்தும் அறியாதவன்போல் இருப்பவன், வண்டி நின்ற பிறகு தன் விதியை நோகிறான்.

செய்ய வேண்டுவன

பேணுதல் என்று நாம் கூறுவது யாது? சிலவற்றை எடுத்துச் சொல்வோம்.

முதலாவது, நீர் வடித்தல். நமது நாட்டின் ஈரக்காற்றில், பாதி காலியாக நிற்கும் டீசல் தொட்டியின் உட்புறம் இரவில் வியர்க்கிறது. அந்நீர் டீசலிலும் கனமானதாதலின் அடியில் தங்கி, குழாய்வழி வடிகட்டியின் அடிப்பாகத்தில் வந்து சேர்கிறது. டீசலைத் தள்ளும் பம்பின் உள்ளுறுப்புகள் மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில் ஒன்றையொன்று உராய்ந்து சுழல்பவை. அவற்றுக்கு மசகு அந்த டீசலேதான். டீசலுக்குப் பதில் நீர் புகுந்தால் துருவும் தேய்மானமும் புகுந்தன என்க. இதற்குப் பரிகாரம், வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி, மேலுள்ள கைப்பம்பைச் சில தடவை அழுத்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிடுவதே. ஐந்து நிமிட வேலை. செலவு ஒரு காசும் இல்லை.

இக்காலத்தில் இவ்வேலைக்கு முன்னிலும் அவசியம் மிகுந்துள்ளது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு முதல் வண்டிகளுக்கு விற்கப்படும் டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. நம் தோழர்கள் வெட்டிய குலையின் எண்ணெய் நம் வண்டியிலேயே எரிகிறது என்பது மகிழத்தக்க செய்தியே. எனினும் அது வெறும் டீசலைக் காட்டிலும் ஈரத்தை மிகுதியாக ஏற்கும். பழைய தொட்டியில் படிந்த கசடுகளைக் கரைத்துக்கொண்டு வந்து வடிகட்டியை அடைக்கவும் செய்யும்.

இரண்டாவது, எண்ணெய் மாற்றுதல். டீசல் எஞ்சினில் புது எண்ணெய் ஊற்றிச் சில நாட்களிலேயே அது கரியைப்போற் கறுத்துவிடும். அதைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. எப்போதும் கறுப்புத்தானே என்று மாற்றாது விடுவோரும் உண்டு. எரிந்த கரியைத் தன்னகத்தே ஏந்திக்கொள்வது அவ்வெண்ணெயின் கடமை. அதற்கும் ஓர் எல்லை உண்டாதலின், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.

மூன்றாவது, டைமிங் பெல்ட். எஞ்சினின் வால்வுகளைக் காலந் தவறாது திறந்து மூடச் செய்வது ஒரு ரப்பர் வார். 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும் என்பது விதி. கழற்றிய பழைய வாரைக் கையிலெடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது நன்றாகவே தோன்றும். "நல்ல வாரைக் கழற்றி எறிந்து பணத்தைப் பாழாக்கினீரே" என்று கேட்பவருக்குக் காட்ட நம்மிடம் சான்று ஒன்றும் இராது. ஓடும்போது அது அறுந்திருந்தால் மேலிறங்கும் வால்வும் கீழிருந்து எழும் பிஸ்டனும் மோதி, எஞ்சின் நொடிப்பொழுதில் சிதைந்திருக்கும். அப்போது சான்று கிடைத்திருக்கும், எஞ்சின் கிடைத்திராது.

நான்காவது, பிரேக் எண்ணெய். இது காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக்கணக்கில் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மையது. பொதுவாக வழங்கும் மூன்றாந்தர அளவையுள்ள புது எண்ணெய் 205 பாகை செல்சியஸுக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது நியமம். ஈரம் ஏறிய பின்னரோ அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. பாரம் ஏற்றிய வண்டி குன்றுச் சாலையில் இறங்கும்போது பிரேக் சூடேறுகிறது; எண்ணெய் கொதித்து ஆவியாகிறது; ஆவி அமுங்கும்; மிதி தரைவரை சென்றுவிடும்; வண்டி நில்லாது. அந்தக் கணம்வரை பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று ஓட்டுநர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது பொய்யன்று. அதுவே இதிலுள்ள கொடுமை.

சான்றில்லாத நன்மை

மேற்கூறிய நான்கிலும் பொதுவாயுள்ள ஒன்றை நேயர்கள் கண்டிருப்பர். நன்றாகச் செய்தால் ஒன்றும் நிகழாது. கிராணியின் பேரேட்டில் "டைமிங் பெல்ட் ஒன்று" என்று செலவு எழுத இடம் உண்டு. "சிதையாத எஞ்சின் ஒன்று" என்று வரவு எழுத இடமில்லை. ஆகவே செலவைக் குறைக்க விரும்பும் மேலாளர் எவரும் முதலில் கைவைப்பது பேணும் செலவிலேயாம். அவ்வாண்டு இலாபம் கூடும், பாராட்டும் கிடைக்கும். நட்டம் வருவதற்குள் அவர் வேறு தோட்டத்திற்கு மாற்றலாகியும் போயிருப்பார்.

மழைக்காலத்து இரவு ஒன்றில் நம் லயத்தில் ஒரு மூதாட்டிக்கு மூச்சுத் திணறல் கண்டது. நாற்பது ஆண்டுகள் வேலைக்காட்டில் உழைத்து ஓய்ந்த அம்மையார் அவர். ஆம்புலன்ஸ் வந்துசேர நேரமாகும் என்று தெரிந்ததால், பிக்கப்பில் முன்னிருக்கையில் அமர்த்தி, மகனும் மருமகளும் பின்னால் தார்ப்பாயின் கீழ்க் குந்த, முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். செம்மண் சாலை, பெருமழை, வழியில் கைத்தொலைபேசிக்கும் தொடர்பு எட்டாத காடு. வண்டி எங்கும் நிற்கவில்லை. அம்மையார் பிழைத்தார். எல்லாரும் மருத்துவருக்கும் ஓட்டுநருக்கும் நன்றி கூறினர். அது முறையே.

அதற்கு மூன்று நாள் முன்னர்த்தான் அவ்வண்டியின் வடிகட்டியிலிருந்து அரைக்குவளை நீரை மெக்கானிக் அண்ணன் வடித்திருந்தார். வடிக்காது விட்டிருந்தால் வண்டி அன்றிரவு காட்டு நடுவே நின்றிருக்கும் என்று நாம் உறுதி கூற இயலுமா? இயலாது. நின்றிருக்கலாம், நில்லாதும் இருந்திருக்கலாம். பேணுதலின் இயல்பு இதுதான். தான் தடுத்தது இன்னதென்று அது ஒருபோதும் சான்று காட்ட முடியாது. சான்று காட்டத்தக்க நன்மையை மட்டுமே செய்வேன் என்போன் பேணுதலை ஒருநாளும் செய்யமாட்டான்.

அங்ஙனமாயின் பேணுதலுக்கு ஆதாரம் யாது? விளைவைக் கொண்டு அதை நிறுவ முடியாதெனில் வேறெதைக் கொண்டு நிறுவுவது?

அடைக்கலம் என்னும் ஆதாரம்

நமது அபிப்பிராயம் இது. அன்றிரவு வண்டியில் ஏறிய அம்மையார் அதன் வடிகட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பிரேக் எண்ணெயின் வயதை விசாரிக்கவில்லை. விசாரிக்க அவருக்கு மூச்சும் இல்லை, அறிவும் இல்லை, நேரமும் இல்லை. கதவைத் திறந்தார்கள்; ஏறினார். அந்த ஏற்றத்திலேயே தம் உயிரை முகந்தெரியாத ஒருவர் கையில் அடைக்கலமாக வைத்துவிட்டார். தாம் அவ்வாறு வைத்ததை அவரே அறியார்.

பிறர் பொருளை அடைக்கலமாகப் பெற்றவன் அதைத் தன் பொருளினும் மேலாகக் காத்தல் வேண்டும் என்பது தமிழர் நெடுங்காலமாக மதித்துவரும் நெறி. வைத்தவன் நேரில் கேட்டு வைத்தாலும் அடைக்கலம் அடைக்கலமே. கேளாமலே நம்பி வைத்தாலும் அடைக்கலமே. சொல்லப்போனால் கேளாமல் வைத்த அடைக்கலத்தின் பாரம் மிகுதி. கேட்டவனுக்கு "நான் பொறுப்பேற்க மாட்டேன்" என்று மறுத்துரைக்கலாம். கேளாமலே நம்பினவனுக்கு மறுத்துரைக்க இடமே இல்லை.

ஆதலின், நீரை வடிக்காது விட்டவன் குற்றவாளியாவது வண்டி நின்றபோது அன்று. வடிக்காமலே கொட்டகையைப் பூட்டிக்கொண்டு வீட்டிற்குப் போன அந்தச் சனிக்கிழமையே அவன் அடைக்கலப் பொருளைக் கைவிட்டான். வண்டி நிற்காமலே போயிருந்தாலும் அவன் தப்பினான் என்று சொல்லலாமே அன்றி, குற்றமற்றவன் என்று சொல்ல ஒண்ணாது. நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. பேணுதலின் ஆதாரம் விளைவில் இல்லை, நம்பியவரிடத்தில் இருக்கிறது. வண்டிக்கு நாம் கடன்பட்டவரல்லேம், அது இரும்பு. அதை நம்பி ஏறும் மக்களுக்குக் கடன்பட்டவர்கள் நாம்.

இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றும் விளங்கும். பராமரிப்புப் பதிவேடு என்று ஒன்று ஒவ்வொரு பட்டறையிலும் தொங்குகிறது. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கையெழுத்து என்று பத்திகள் உண்டு. வேலை செய்யாமலே "சோதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் பல இடங்களில் உண்டென்பது நம்மைப் போன்ற எழுதுகோற்காரர் அனைவர்க்கும் தெரிந்த இரகசியம். இது சிறு பொய்யாகத் தோன்றும். பணத்தைத் திருடினால் கணக்குப் பார்க்கையில் குறைவு வெளிப்படும். இப்பொய்யோ, பிரேக் மிதி தரையைத் தொடும் அந்த நாள்வரை வெளிப்படுவதில்லை. அடுத்துச் சோதிக்க வேண்டியவனையும் "முன்பே பார்த்துவிட்டார்கள்" என்று அது ஏமாற்றுகிறது. ஒன்றும் எழுதாத ஏட்டைக் கண்டவன் வண்டியைத் திறந்தாவது பார்ப்பான். பொய் எழுதிய ஏடு அவன் கண்ணையும் கட்டிவிடுகிறது. ஆதலின் வெற்றேட்டிலும் பொய்யேடு கொடியது என்போம்.

புகழ் பெறாதோர்

இவ்வறம் வண்டியோடு முடிவதன்று. நம் முன்னோர் இந்நாட்டில் உயிர்பிழைத்த வரலாற்றிலேயே இது பதிந்து கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் தமிழ்த் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. 1901-ஆம் ஆண்டு முதற்கொண்டு கிள்ளானிலும் அதனையடுத்த துறைமுகத்திலும் டாக்டர் மால்கம் வாட்சன் என்பவரின் முயற்சியால் சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. காய்ச்சல் பெரிதும் தணிந்தது. அவர் பெயரை நூல்கள் கூறுகின்றன, கூறத்தக்கதே. ஆனால் வடிகால் என்பது ஒருமுறை வெட்டி மறந்துவிடும் பொருளன்று. இலை விழும், மண் சரியும், நீர் தேங்கும், மறுபடியும் கொசு முட்டையிடும். மண்வெட்டியும் எண்ணெய்த் தெளிப்பானும் கொண்டு வாரந்தோறும் அக்கால்களைத் துப்புரவு செய்த கூலிமக்களின் பெயரை எந்த நூல் கூறுகிறது? அவர்கள் வேலை செவ்வனே நடந்த இடத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை. வராத காய்ச்சலை யார் எழுதிவைப்பார்?

வீட்டிலும் இவ்வாறே. கொதித்து ஆறிய நீரைக் குடத்தில் நிரப்பி வைக்கும் தாயை, பிள்ளைக்கு வயிற்றுநோய் வராத நாளில் எவரும் பாராட்டுவதில்லை. ஒருநாள் அவள் ஓய்ந்து படுத்தபோதே வீடு என்ன வேலையால் நின்றுகொண்டிருந்தது என்று ஆண்மக்களுக்குத் தெரியவருகிறது. நம் சமூகத்தின் பெரும்பகுதியினர் பேணும் தொழிலிலேயே வாழ்கிறார்கள். களையெடுப்போரும், சாலை செப்பனிடுவோரும், மருத்துவமனையில் தரை துடைப்போரும் பேணுவோரே. அவர்களைத் தாழ்ந்தோர் என்று எண்ணும் நாம், ஆக்கியவன் பெயரைக் கல்லில் பொறித்துவிட்டு, அக்கல்லைப் பாசி பிடியாமல் துடைப்பவனை ஏளனம் செய்கிறோம்.

மறுப்புகளும் விடைகளும்

"ஆங்கிலம் படித்து அலுவலகத்தில் அமர்ந்தவன் கையில் கறுப்பெண்ணெய் பூசிக்கொள்வது தகுமா?" என்று சிலர் கேட்கின்றனர். எழுதுகோல் பிடிப்பது உயர்வு, ஸ்பானர் பிடிப்பது தாழ்வு என்னும் இவ்வெண்ணம் நம்மவர் கப்பலேறியபோது மூட்டையோடு சேர்த்துக் கொண்டுவந்த பழைய பிணிகளுள் ஒன்று. தொழிலைக் கொண்டு மனிதனை மேல் கீழ் என்று அடுக்கும் வழக்கத்தின் குட்டியே அது. இவ்வெஞ்சினுக்குத் தம் பெயரைத் தந்த ருடால்ஃப் டீசல் உயர்தரப் பொறியியல் கற்றவர். தம் கருத்துக்கு 1892-ஆம் ஆண்டில் காப்புரிமை விண்ணப்பித்தவர். காகிதத்தில் முடிந்த அக்கருத்து இரும்பில் முடிய எத்தனை நாள் ஆயிற்று? ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர ஆலையில் 1893-இல் தொடங்கிய சோதனைகள், உறுப்புகளை மாற்றி மாற்றி, உடைந்ததைத் திருத்தித் திருத்தி, 1897-ஆம் ஆண்டிலேயே வெற்றி கண்டன. அவ்வாண்டுச் சோதனையில், எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பங்கை எஞ்சின் வேலையாக மாற்றிற்று. நீராவி எஞ்சின்களுக்கு அக்காலத்தில் எட்டாத அளவு அது. கற்றவனுடைய கருத்தும் ஆலைத் தொழிலாளியின் கையும் நான்காண்டு கூடி உழைத்ததன் பயன் அது. கையை இழிவென்று விலக்கியிருந்தால் கருத்து ஏட்டிலேயே கிடந்திருக்கும்.

மேலும் நாம் ஒன்றைக் கண்டிருக்கிறோம். மெக்கானிக் அண்ணன் எஞ்சினின் மூடிமீது ஒரு நீண்ட திருப்புளியின் முனையை வைத்து, அதன் பிடியைக் காதில் அணைத்து, நான்கு சிலிண்டரில் எது நலிந்திருக்கிறது என்று ஒலியைக்கொண்டே சொல்வார். அவர் படித்தது ஆறாம் வகுப்பு. அவ்வறிவு எந்தத் தேர்விலும் கேட்கப்படவில்லை. கேட்கப்படாததால் அது அறிவன்று என்று ஆகிவிடுமா?

இனி இரண்டாவது மறுப்பு. "பழையதைக் கட்டி அழுவானேன்? தவணையில் புதியது வாங்கினால் தொல்லை தீர்ந்ததே" என்பர். வாங்கும் வசதி உடையோர் வாங்குக. ஆனால், புதிய பிக்கப்களுள் பலவற்றின் விலை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல். பல ஆண்டுத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொண்ட குடும்பத்தில், அதன் பளபளப்புக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளைகளே. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசலின் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஒரே இரவில் உயர்ந்தபோது, சிறு தொழில் செய்வோர் பலர் தவணைக்கும் எரிபொருளுக்கும் இடையே நசுங்கினர். புதியதிலும் டீசலே ஊற்றவேண்டும். அதிலும் நீர் சேரும். சொல்லப்போனால், மிகுந்த அழுத்தத்தில் டீசலைத் தூவும் இக்கால எஞ்சின்கள் நீரையும் தூசையும் பழையவற்றைக் காட்டிலும் குறைவாகவே பொறுக்கும். பேணத் தெரியாதவன் புதியதை வாங்குவது தொல்லையைத் தீர்ப்பதன்று, தள்ளிவைப்பது.

மூன்றாவது மறுப்பே வலிமையுடையது. "பழைய டீசல் வண்டியின் புகை பிறருக்குக் கேடன்றோ? நீர் உமது வண்டியைப் பேணுகிறீர். சாலையோரத்துக் குழந்தையின் நுரையீரலை யார் பேணுவது?" என்று ஒரு நண்பர் கேட்டார். இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க ஒண்ணாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ஆம் ஆண்டில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று வகுத்துரைத்தது. டீசல் தூவும் நாசில்களைச் சோதித்துச் சரிப்படுத்தினாலும், காற்று வடிகட்டியைக் காலத்தில் மாற்றினாலும் கரும்புகை குறையும், முற்றும் நீங்காது.

நாம் மேலே கூறிய ஆதாரமே இங்கு எல்லையையும் வகுக்கிறது. கடன் மக்களுக்கே அன்றி இரும்புக்கு அன்று என்றோம். அப்படியாயின் வண்டியில் ஏறுபவர் மட்டுமல்லர், அதன் புகையை நுகர்பவரும் நமக்கு அடைக்கலமே. ஆகவே, திருத்தியும் திருந்தாது கரும்புகை கக்கும் வண்டியை ஓட்டலாகாது. அடிச்சட்டம் துருவேறி, ஒட்டுப்போட்ட இடத்திற்கே ஒட்டுப்போடும் நிலை வந்துவிட்டால், அதில் ஆளேற்றலாகாது. அப்போது அதை விற்காமல் உடைக்கக் கொடுத்துவிடுவதே முறை. விற்றால் அக்கேட்டை நம்மினும் ஏழை ஒருவன் தலையில் கட்டியவராவோம். இத்தனை ஆண்டு பேணினோமே என்னும் பாசம் அங்கே குறுக்கிடலாகாது.

பழையதென்பதற்காக ஒன்றைப் போற்றுவது மூடத்தனம். பழையதென்பதற்காகவே ஒன்றை எறிவதும் மூடத்தனமே. இன்றும் இது மக்களுக்குப் பயன்படுகிறதா, எவருக்கேனும் தீங்கு செய்கிறதா, தீங்கைத் திருத்த இயலுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, விடைக்குத் தக்கபடி காப்பதும் கழிப்பதும் பகுத்தறிவு. வண்டிக்குப் பொருந்தும் இவ்விதி வழக்கங்களுக்கும் சங்கங்களுக்கும் பொருந்தும் என்பதை நேயர்கள் தாமே விரித்துணர்ந்து கொள்வார்களாக.

இளைஞர்க்கு ஒரு சொல்

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் இளைஞர்க்கு நாம் வேண்டுவது பெரிதன்று. உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது மோட்டார் சைக்கிளாயினும் சரி, நீர்ப்பம்பாயினும் சரி, சங்கத்தின் கணக்குப் புத்தகமாயினும் சரி, அதனுள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கேட்டறியுங்கள். அறிந்தவர் உங்களினும் குறைவாகப் படித்தவராயின் அவரை "அண்ணே" என்று அழைத்துக் கேட்பதில் நாணம் வேண்டா. செய்ததை மட்டும் எழுதுங்கள். செய்யாததைச் செய்யவில்லை என்றே எழுதுங்கள். பட்டறைக்குள் நுழைந்தால், வேலை முடிந்து கைகழுவி நிற்பவரைப் பார்த்து, இம்மாதம் எத்தனை வண்டி பழுதுபார்த்தீர் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை வண்டி பழுதாகாமல் காத்தீர் என்றும் கேளுங்கள். அவரிடம் அதற்குக் கணக்கு இராது. கேட்டவர் ஒருவர் உண்டு என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

எவனுடைய கவனக்குறைவால் ஓர் உயிர் போனதோ அவன் பெயரை ஊர் அறியும். எவனுடைய கவனத்தால் நூறு உயிர்கள் இருந்தபடியே இருக்கின்றனவோ அவன் பெயரை அவனும் அறியான். அறியாமலிருக்கவும் உடன்பட்டு, சனிக்கிழமை பிற்பகலில் அடித்திருகைத் தளர்த்தி அரைக்குவளை நீரை வடிப்பவன் செய்வது வேலை மட்டுமன்று; அறமும் அதுவே.